சுபைதாவின் இடியப்பமும் ஹாஜியாரின் கிணறும்

புதிதாக உத்தியோகத்துக்கு வந்திருக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் கையில் தந்திருக்கிற அதிகாரங்களில் ஆக லேசானது எது தெரியுமா? சாப்பாட்டுக் கடையைப் பூட்டுவதுதான். ஒரு கையெழுத்துப் போதும். பூட்டிவிட்டு நீங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகும்போது ஊரே பார்க்கும், பீ.எச்.ஐ. நல்லா வேலை செய்கிறான் என்று சொல்லும். விடிய எழும்பிக் கிணற்றுக்குக் குளோரின் போட்டவனை ஒருத்தரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதனால் நோய் பரவுகிற நேரத்தில் உங்கள் கை முதலில் எந்தப் பக்கம் போகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கல்முனைக்குடி. பீ.எச்.ஐ.யாக, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, அரைவாசிக் காலம் வேலை பார்த்தது பக்கத்து ஊர் சாய்ந்தமருதில். எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது, பயிற்சியிலேயே கேட்டிருப்பீர்கள். உன்னுடைய பகுதியில் ஒரு கடையிலும் கை நனைக்காதே. தேத்தண்ணிகூட வேண்டாம். இன்றைக்கு ஓசித் தேத்தண்ணி குடித்தவன் நாளைக்கு அந்தக் கடையின் குசினிக்குள் எந்த முகத்தோடு நுழைவான்? நான் இதில் கொஞ்சம் விசர் பிடித்தவன். காசு கொடுத்தும் சாப்பிட மாட்டேன். கடைக்காரர் வீட்டுக் கலியாணம் என்றால் வாசலில் நின்று சலாம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். என்னுடைய வீட்டுக்காரி, "எங்கட வாப்பா கடை வெச்சிருந்தா நீங்க என்னக் கலியாணமே முடிச்சிருக்க மாட்டீங்க" என்று பகிடி பண்ணுவா.

அப்படிப்பட்ட நான் ஒரு தரம் அந்தச் சட்டத்தை ஊர் பார்க்க மீறினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், சாய்ந்தமருதில் ஒரு மாரி. மழை விட மாட்டேன் என்று பெய்தது. மேற்கே வயல்வெளி நிரம்பி, தண்ணீர் ஊருக்குள் வந்து சந்து ஒழுங்கைகளில் முழங்கால் வரைக்கும் நின்றது. நம்முடைய ஊர்கள் எப்படி நெருக்கம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வளவின் கிணறு, அடுத்த வளவின் மலசலகூடக் குழி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. வெள்ளத்துக்கு வேலி தெரியுமா? எல்லாத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டுத்தான் வடிந்தது. தண்ணீர் வடிந்த கையோடு வயிற்றோட்டம் தொடங்கியது.

கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் சுபைதா என்று ஒரு பிள்ளை இருந்தா. முப்பது வயது வரும். புருஷன் இஸ்மாயில் கரைவலை இழுக்கிறவர். மாரியில் கடல் கொந்தளிக்கும், வலைக்கு வேலை இராது. அந்த மாதங்களில் வீட்டை இழுப்பது சுபைதாவின் இடியப்பம். விடியற்காலை ஸுபஹுத் தொழுகை முடிந்து பள்ளியால் வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள், பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பார்கள். பூப்போல இடியப்பம், தேங்காய்ச் சம்பல் என்று ஊர் சொல்லும். நான் வாசனை மட்டும் பிடித்துக்கொண்டு சைக்கிளை மிதிப்பேன்.

வெள்ளம் அவர்களுடைய குசினியின் மண்சுவரைச் சரித்துவிட்டது. அரிசி மா நனைந்து புளித்துப்போனது. சரி, காதில் கிடந்ததை அடகுக்கு வைத்தார்கள், மா வாங்கினார்கள், ஓலையால் மறைப்புக் கட்டினார்கள், அடுப்பு மூண்டது. ஒரு வெள்ளத்துக்கு நம்முடைய சனம் இப்படித்தான் எழும்பும். அதற்குள் இஸ்மாயில் விழுந்தார். வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மனுசன் உயிருக்குத் தப்பினார், ஆனால் எழும்பி நடக்கப் பலமில்லை. அதையும் அந்தக் குடும்பம் தாங்கியிருக்கும். மூன்றாவதாக வந்ததைத்தான் அவர்களால் தாங்க ஏலாமல் போனது. அந்த ஒழுங்கையில் முதலில் விழுந்தவர் இடியப்பக்காரியின் புருஷன் என்ற கதை ஊருக்குள் நடந்தது. அதற்கு மறுகா வேறு என்ன வேண்டும்? நோய் இடியப்பத்தில்தான் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒழுங்கைப் பள்ளி நிர்வாகத்தில் ஒரு ஹாஜியார் இருந்தார். புடவைக் கடை வைத்திருந்த மனுசன், கை நீண்டவர் என்று ஒருத்தரும் சொல்ல ஏலாத சுத்தமானவர், ஏழை எளியதுகளுக்கு வாரிக் கொடுப்பவர். அவருடைய மகளின் குழந்தைக்கும் வயிற்றோட்டம் பிடித்திருந்தது. அவர் நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, இடியப்பத்தைப் பூட்டுங்கள் என்று வைத்திய அதிகாரியிடம் சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார், கண் சிவந்து கிடந்தது.

எங்கள் வைத்திய அதிகாரி ஊருக்குப் புதிதாக வந்த பெண். கெட்டிக்காரி. ஹாஜியார் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி கதைத்தா. பூட்டினால் நம்மிடம் ஒருத்தரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை, பூட்டாமல் விட்டு இன்னும் ஒருத்தர் விழுந்தால் நாம் இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும், போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்றா. ஊர்க் கிணறுகளில் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தோம். யுத்தம் நடந்த அந்தக் காலத்துப் பாதை நிலைமைக்கு அது போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. முடிவு வரும் என்று காத்திருந்தால் ஊரில் நோயும் முடிந்திருக்கும், சுபைதாவும் முடிந்திருப்பா.

நான் போனபோது சுபைதா வேலிக் கடப்படியில் குந்தியிருந்து, விற்காமல் காய்ந்துபோன இடியப்பத்தைப் பிய்த்துக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தா. பால்குடி மறவாத சின்னவன் மடியில். என்னைக் கண்டதும் எழும்பினா. நான் வாயைத் திறக்க முன்னமே அவ சொன்ன சொல் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

"பூட்ட வந்தீங்களா சேர்? பூட்டிட்டுப் போங்க. நீங்க பூட்டினா கவுர்மெண்டு பூட்டின எண்டாவது சொல்லலாம். இப்ப ஊரே பூட்டி வெச்சிரிக்கி."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஓலை மறைப்புக்குப் பின்னால் இஸ்மாயில் படுத்திருந்தார், இருமல் கேட்டது. மெல்ல மெல்ல மற்றக் கதையும் வெளியே வந்தது. ஏஜென்சிக்காரர் ஒருத்தர் வந்து போயிருக்கிறார். குவைத்தில் வீட்டு வேலை. பாஸ்போட்டுக்குப் படம் பிடித்தாயிற்று. அடுத்த கிழமை மெடிக்கலுக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போக வருவார். சின்னவனை யார் பார்ப்பது என்று கேட்டேன். தங்கச்சி பார்ப்பா என்றா. சொல்லிக்கொண்டே அவனை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தா.

தம்பிமாரே, நான் பூட்டாமல் விட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போனவன். அங்கே போன பிறகுதான் விளங்கியது, பூட்டாமல் விடுவதால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஊர் போட்ட பூட்டுக்கு என்னிடம் திறப்பு இல்லை. ஆனாலும் முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்ய வேண்டும். இரக்கப்பட்டு ஒருத்தருக்கும் சுத்தமென்று சொல்லக் கூடாது.

அடுத்த நாள் விடிய வெள்ளன போய் அவ வேலை செய்வதை நின்று பார்த்தேன். மா வறுத்தது, கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குழைத்த தண்ணீர், ஆவியில் அவிந்த இடியப்பம். அதில் கிருமி தப்பாது. சம்பல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பச்சைத் தேங்காய், பச்சைத் தண்ணீர் தெளித்து இடித்தது. இந்தக் காலத்துக்குச் சம்பல் வேண்டாம், தேங்காய்ப்பாலை நன்றாகக் கொதிக்கவிட்டுச் சொதி வையுங்கள் என்றேன். பூட்டுவதற்கே பயப்படாத பிள்ளைக்கு அப்போதுதான் கோபம் வந்தது. சம்பல் இல்லாமல் எந்த மனுசன் இடியப்பம் தின்பான், அதற்கு நீங்கள் பூட்டிவிட்டே போகலாம் என்று அகப்பையும் கையுமாக நின்றா. சமையல்காரிகளோடு வாதாடுவது நம்முடைய தொழிலில் ஆகக் கஷ்டமான பகுதி. கடைசியில் படுக்கையில் கிடந்த இஸ்மாயில்தான், "சேர் சொல்றதக் கேளுகா" என்று சமாதானம் செய்துவைத்தார்.

பிறகு ஒழுங்கை முழுவதும் வீடு வீடாகப் போனேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் எல்லாரும் இடியப்பம் என்றுதான் சொல்வார்கள், கதை அப்படிப் பரவியிருக்கிறது. அதனால் நான் எங்கே தண்ணீர் அள்ளினீர்கள் என்று கேட்டேன். இடியப்பமே வாங்காத வீட்டிலும் ஆள் விழுந்திருந்தது. நாளாந்தம் வாங்கித் தின்ற ஒரு வீட்டில் எல்லாரும் குத்துக்கல் மாதிரி இருந்தார்கள், அவர்களுக்குச் சொந்தக் கிணறு. விழுந்த வீடுகள் எல்லாம் ஒழுங்கை வளைகிற முடக்கில் இருந்த ஒரே கிணற்றில் அள்ளியவை. இஸ்மாயிலும் வெள்ள நேரம் வாய்க்கால் வெட்டப் போய், வேர்க்க வேர்க்க அந்தக் கிணற்றில்தான் குடித்திருக்கிறார்.

அந்தக் கிணற்றை ஏன் ஒருத்தரும் சந்தேகிக்கவில்லை என்று கேட்பீர்கள். அது ஹாஜியார் தன்னுடைய மௌத்தான வாப்பாவின் பேரில் வெட்டுவித்த கிணறு. அதில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பவன் ஒவ்வொருத்தனாலும் கப்றில் கிடக்கிற வாப்பாவுக்கு நன்மை போய்ச் சேரும். அள்ளுகிறவர்கள் அவருக்கு ஒரு துஆவும் செய்துவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார்கள். அப்படிப்பட்ட தண்ணீரில் நோய் வரும் என்று எங்களுடைய சனத்தின் மனதில் எப்படி ஓடும்? இடியப்பக்காரியின் பக்கம் ஓடுவதுதான் லேசு. இதை முட்டாள்தனம் என்று நீங்கள் சிரிக்கக் கூடாது. நானும் அந்த ஊரில் பிறந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஹாஜியாரிடம் எப்படிச் சொல்வது? பள்ளியில் நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருந்தால் அந்த மனுசன் உடைந்திருப்பார், அல்லது என்னை ஊரை விட்டு மாற்றியிருப்பார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். உள்ளே பேரப்பிள்ளை சோர்ந்து கிடந்தது. அந்தக் குழந்தைக்கு எந்தத் தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். வாப்பாவின் கிணற்றுத் தண்ணீர்தான், அது பறக்கத்தான தண்ணீர், நோய் லேசாகட்டும் என்று அதையே பச்சையாகப் பருக்குகிறோம் என்றார். ஒழுங்கையில் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எங்கட வாப்பாட கிணறு ஆக்கள விழுத்துது எண்டா சொல்றீங்க?"

"கிணத்துல பிழையில்ல ஹாஜியார். வெள்ளம் கக்கூசுத் தண்ணியக் கொண்டு வந்து அதுக்குள்ள ஊத்தியிரிக்கி. நாலஞ்சு தரம் இறைச்சு, மருந்து போட்டு, நல்லா வந்த மறுகா தொறப்பம். அதுவரைக்கும் நீங்க அத மூடி வெச்சா, விழாமத் தப்புற ஒவ்வொரு ஆளும் ஒங்கட வாப்பாட நன்மைதான்."

மார்க்கம் கதைக்க நான் ஆள் இல்லை. அந்த நேரத்தில் அல்லாஹ் அந்தச் சொல்லை என் வாயில் போட்டான் என்றுதான் நினைக்கிறேன். ஹாஜியார் எழும்பி உள்ளே போனார். குழந்தையின் தலைமாட்டில் இருந்த செம்பை எடுத்து வந்து முற்றத்தில் கவிழ்த்தார். பிறகு என்னோடு நடந்து வந்து, கிணற்று வாய்க்குத் தன் கையாலேயே பலகை தூக்கிப் போட்டார்.

கிணறு மூடினதோடு புதிதாக விழுகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் சுபைதாவின் இடியப்பம் விற்கவில்லை. கிணற்றையும் மூடினார்கள்தான், இடியப்பத்திலும் இருக்கும்தானே என்று ஊர் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டது. சந்தேகம் வருகிற வேகத்தில் போகாது. நான் வீடு வீடாகச் சொன்னேன். தலையாட்டினார்கள், தட்டை எடுத்துக்கொண்டு ஒருத்தரும் வரவில்லை. ஏஜென்சிக்காரர் வருகிற நாள் கிட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இந்த ஊரில் நான் கை நனைக்க மாட்டேன் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானவன் கை நனைத்தால்? வீட்டில் சொன்னேன். என்னுடைய மனுசி பயந்துபோனா. உங்களுக்கு ஏதும் ஆகினால் என்று தொடங்கினவ, கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்களுக்கு ஆகினால் அந்தப் பிள்ளையின் கதை என்ன என்றா. அதுதான் கேள்வி. எனக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் சுபைதா அன்றைக்கே முடிந்துபோவா. அதனால்தான் சொல்கிறேன், இதைப் பார்த்து நீங்கள் சும்மா வாய்க்கு ருசியாகத் தின்னப் போகாதீர்கள். மாவிலிருந்து சொதிவரை கண்ணால் பார்த்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அறிந்து, மனம் சரி என்று சொன்ன பிறகுதான் நான் போனேன். வைத்திய அதிகாரியிடமும் சொல்லிவிட்டே போனேன். அவ, "கவனமாச் சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னா.

ஸுபஹு முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், சீருடையோடு சுபைதாவின் கடப்படியில் நீள வாங்கு ஒன்றைப் போட்டுக் குந்தினேன். இடியப்பம் வையுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை தட்டை இரண்டு தரம் கழுவிக்கொண்டு வந்து வைத்தா. ஒழுங்கையில் போனவர்கள் எல்லாரும் நின்றார்கள். நான் ஒருத்தரையும் பார்க்காமல் சொதியை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். காசைக் கொடுத்தேன், எழும்பினேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு முழுக்க எனக்கு உள்ளுக்குள் பயம்தான். யார் யாரோ வழியில் மறித்து, "சேர், எப்படி, சுகமா?" என்று கேட்டார்கள். அவ்வளவு பேர் என் வயிற்றைப் பற்றி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அடுத்த நாளும் போனேன். நான் மட்டும்தான். சுபைதாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை, ஒருத்தருக்காக எவ்வளவு மா குழைப்பது என்று கேட்டா. அப்போது ஒழுங்கை முடக்கால் ஹாஜியார் வந்தார். நேரே வந்து என் பக்கத்தில் வாங்கில் இருந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சுபைதாவின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கும் வைங்க புள்ள. பேரப்புள்ளைக்கும் சுத்திக் கட்டுங்க."

சுபைதா அப்போதுதான் அழுதா. முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், கண்ணைத் துடைத்துவிட்டு வந்து வைத்தா. ஹாஜியார் நிதானமாகச் சாப்பிட்டார், இன்னும் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். சம்பல் எங்கே என்று கேட்டார். சுபைதா என் பக்கம் கையைக் காட்டினா, அந்தப் பாவத்துக்கு நான் இல்லை என்கிற மாதிரி.

ஒழுங்கையையே காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு குத்தகை வயல்காரர். வெள்ளத்தில் நெல் வேளாண்மை அழுகியது, நோயில் மனுசன் படுத்தார். அவருடைய மனைவி வெளிநாடு போனா. அந்த வீட்டில் நான் இருந்து சாப்பிட்டுக் காட்ட ஒரு அடுப்பும் எரியவில்லை. போகிற அன்று அந்தப் பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். அந்த நினைவு வந்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. நம்முடைய அதிகாரம் எட்டும் இடம் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்ச இடத்திலாவது நம்முடைய கையால் ஒருத்தரையும் கீழே தள்ளிவிடக் கூடாது.

சுபைதாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போக ஏஜென்சிக்காரர் வருவதாகச் சொன்ன நாள் காலையில், எனக்கு வேறு ஊரில் அலுவல். மனம் கேட்கவில்லை. கொஞ்சம் பிந்தித்தான் அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன். கடப்படியில் வான் நின்றது. இறங்கி ஓடினேன்.

ஏஜென்சிக்காரர் முற்றத்தில் கோப்பும் கையுமாக நின்றார். சுபைதா அடுப்படியில் குந்தியிருந்து, கையில் ஒட்டிய மாவைக் கழுவிக்கொண்டிருந்தா. வரவில்லை என்று சொல்லியாயிற்றாம், படத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தா. ஏஜென்சிக்காரர் வெகுதூரத்திலிருந்து விடியச் சாமத்தில் புறப்பட்டு வந்தவர், வெறும் வயிறு. சரி, வந்ததுக்கு இடியப்பமாவது தாங்க என்றார். நானும் பசியோடுதான் வந்திருந்தேன், எனக்கும் சேர்த்து வையுங்கள் என்றேன்.

சுபைதா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த இடியப்பத் தட்டுகளைக் காட்டினா.

"எல்லாம் முடிஞ்சி போச்சி சேர். நாளைக்கு வெள்ளன வாங்க."

ஏஜென்சிக்காரரும் நானும் பசியோடு திரும்பினோம்.